அரசும் தோட்டமும்

'அரசு' என்னுஞ் சொல் நம்மவர் நாவில் நாடோறும் பயில்வது. அரசாங்க வேலை என்கிறோம்; அரசாங்க ஆஸ்பத்திரி என்கிறோம்; அரசு நம்மைக் கவனிக்கவில்லை என்று குறையுங் கூறுகிறோம். ஆயினும், அவ்வரசு என்பது யாது, அஃது எவ்விடத்தே இருக்கின்றது, அதற்கும் நமக்கும் உள்ள உறவு எத்தகையது என்று ஒருவர் வினவின், உடனே விடை பகர வல்லார் நம்முள் சிலரே. ஜொகூர் வாழ் தமிழராகிய நாம் இவ்வினாவை ஆராய்தற்குத் தனித்ததோர் உரிமை உடையோம். அரசு என்பதற்கு நூலோர் வகுத்த இலக்கணங்களுட் பல இம்மண்ணிலேயே சோதிக்கப்பட்டன. அச்சோதனைகளின் பயனை நம் முன்னோர் தோட்டத்து லயங்களில் இருந்துகொண்டே நுகர்ந்தனர். சிலர் இன்றும் நுகர்கின்றனர்.

முதற்கண் சொற்களை நோக்குவோம். தமிழில் 'அரசு' என்பது ஆளுந் தன்மையையும் குறிக்கும். ஆளும் மன்னனையுங் குறிக்கும். மலாய் மொழியிலும் இவ்வாறே 'கெராஜாஆன்' என்னுஞ் சொல்லின் நடுவே ராஜா அமர்ந்திருக்கின்றார். 'நெகிரி' என்பதோ வடமொழி 'நகரி' என்பதன் வழிவந்தது. தமிழரும் மலாய்க்காரரும் ஒரே சந்தையில் வாங்கிய சரக்கு அது. ஆங்கிலத்தில் வழங்கும் 'ஸ்டேட்' என்பது இலத்தீன் மூலத்தினின்று பிறந்து, பிரெஞ்சு மொழி வாயிலாக வந்தது. அதே மூலத்தினின்று, அதே வழியாக வந்த மற்றொரு சொல்லும் உண்டு. அதனை நம்மவர் ஆங்கிலங் கல்லாமலே நன்கறிவர். அச்சொல் 'எஸ்டேட்'. ஸ்டேட்டும் எஸ்டேட்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அவ்விரண்டும் சொல்லளவிலன்றி வாழ்விலும் உடன்பிறந்தவை என்பதனை மேலே காண்போம்.

இனி, இலக்கணம். வள்ளுவர் மன்னனுக்கு ஆறு உறுப்புக்களை எண்ணினார். கௌடிலியர் மன்னனையுஞ் சேர்த்து ஏழு என்றார். இருவர் கணக்கிலும் குடிமக்கள் ஓர் உறுப்பாயினர். செர்மானிய அறிஞர் மாக்ஸ் வேபர் 1919இல் ஆற்றிய சொற்பொழிவொன்றில், ஒரு நிலப்பரப்பினுள் வன்மையைப் பயன்படுத்தும் நியாயமான உரிமை முற்றும் தனக்கே உரியதென்று நிலைநாட்டிக் கொள்வதே அரசு என்றார். 1933இல் அமெரிக்க நாடுகள் மொன்டிவிடியோ நகரில் கூடிச் செய்த உடன்படிக்கை, நிலையான மக்கள், வரையறுத்த நிலம், ஆட்சி, பிற நாடுகளுடன் உறவாடும் ஆற்றல் என்னும் நான்கும் உடையதே அரசு என விதித்தது. இவ்விலக்கணங்களை உரைகல்லாகக் கொண்டு ஜொகூரின் சரித்திரத்தை உரைத்துப் பார்ப்போமாக.

1855இல் தெமெங்கோங் டாயெங் இப்ராகிம், சுல்தான் அலியுடன் செய்த உடன்படிக்கையால், மூவார் பகுதி நீங்கலாக ஜொகூரின் ஆட்சியைப் பெற்றார். அதே ஆண்டில் தஞ்சோங் புத்திரி என்னும் ஊர் தோன்றிற்று. 1866இல் அதற்கு ஜொகூர் பாரு என்று பெயராயிற்று. தெமெங்கோங்கின் மைந்தர் அபு பக்கார் 1862இல் பட்டம் எய்தினார். 1868இல் மகாராஜா ஆனார். 1885இல் இலண்டனில் பிரிட்டிஷாருடன் செய்த உடன்படிக்கையால் சுல்தான் என்று ஒப்புக்கொள்ளப்பட்டார். அவர் ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் சென்று அங்குள்ள ஆட்சி முறைகளைக் கண்டறிந்தவர். பக்கத்து மலாய் நாடுகள் ஒவ்வொன்றாய்ப் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் கைக்குள் சென்றுகொண்டிருந்த காலத்தில், அவர் தமது நாட்டுக்குப் படையும் நீதிமன்றமும் தபாலும் முத்திரையும் விருதுகளும் அமைத்தார். அவர் தோற்றுவித்த படை இன்றும் உளது. மலேசிய மாநிலங்களுள் தனக்கெனப் படை வைத்திருப்பது ஜொகூர் ஒன்றே.

இவ்வமைப்புக்கள் வெறும் ஆடம்பரம் அல்ல என்பதை 1893இல் இலண்டனில் நடந்த வழக்கொன்று மெய்ப்பித்தது. ஆல்பர்ட் பேக்கர் என்னும் பெயருடன் இங்கிலாந்தில் பழகிய சுல்தான் தம்மை மணப்பதாக வாக்களித்துத் தவறினார் என்று மைகெல் என்னும் மாது வழக்குத் தொடுத்தார். ஜொகூர் ஓர் அரசா அன்றா என்பதே அங்கு முதல் வினாவாயிற்று. நீதிமன்றம் குடியேற்ற நாட்டு அலுவலகத்தைக் கேட்டது. சுல்தான் தன்னுரிமை பெற்ற மன்னர் என்றும், படை திரட்டித் தபால் நடத்தி நீதி வழங்கி விருதளித்து ஆள்பவர் என்றும் அவ்வலுவலகம் விடை விடுத்தது. வழக்குத் தள்ளுபடியாயிற்று. வேற்று நாட்டு மன்னரை இங்கிலாந்து நீதிமன்றம் விசாரித்தல் இயலாது என்பது தீர்ப்பு. இத்தீர்ப்பு இன்றும் பல நாட்டுச் சட்ட மாணவர்களால் பயிலப்படுகின்றது.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. 1885ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, பிரிட்டிஷாரின் இசைவின்றிப் பிற நாடுகளோடு உறவாடும் உரிமை சுல்தானுக்கு இல்லை. மொன்டிவிடியோ இலக்கணத்தின் நான்காம் உறுப்பு ஜொகூருக்கு முன்பே அறுபட்டிருந்தது. எனினும் இலண்டன் நீதிமன்றம் அதனை அரசு என்றே ஏற்றது. அரசு என்பது ஒருபால் உண்மை; ஒருபால் பிறர் ஒப்புக்கொள்ளும் மதிப்பு. வல்லவர் ஒருவர் கடிதம் எழுதிவிட்டால் குறைந்த உறுப்பும் நிறைந்ததாகி விடுகின்றது.

அபு பக்கார் 1895 ஏப்ரலில் ஜொகூருக்கு எழுத்து வடிவிலான அடிப்படைச் சட்டம் ஒன்றனை வழங்கினார். மலாய் நாடுகளில் இதுவே முதலாவது. அதன் பதினைந்தாம் பிரிவு, ஆள்வோர் எவரும் நாட்டையேனும் அதன் பகுதியையேனும் ஐரோப்பிய வல்லரசு எதற்கும் ஒப்படைத்தல் ஆகாது எனத் தடுத்தது. சில திங்களில் அவர் இலண்டனில் காலமானார். அவர் மைந்தர் சுல்தான் இப்ராகிம் காலத்தில், 1910இல் பிரிட்டிஷ் ஆலோசகர் ஒருவர் வந்தார். 1914ஆம் ஆண்டு உடன்படிக்கை அவரது ஆலோசனையைக் கேட்டு அதன்படி ஒழுகுதலைக் கடமையாக்கிற்று. 1945 அக்டோபரில் சர் ஹெரால்டு மக்மைக்கேல் நீட்டிய தாளிலும் ஜொகூரின் கையொப்பம் வீழ்ந்தது.

அங்ஙனமாயின் 1895ஆம் ஆண்டுச் சட்டம் வீணாயிற்றோ? அன்று. 1946இல் மலாயன் யூனியன் கிளம்பியபோது, அக்கையொப்பம் அச்சட்டத்துக்கு முரணானது என்று ஜொகூர் மலாய்க்காரர் தம் மன்னரை நோக்கியே வாதாடினர். மன்னர் வழங்கிய ஏடு மன்னரையே கேள்வி கேட்கும் கருவியாயிற்று. அவ்வாண்டு மே திங்களில் ஜொகூர் பாருவில் அம்னோ பிறந்தது. 1948 பெப்ரவரி முதல் நாளில் யூனியன் நீங்கிக் கூட்டரசு வந்தது. 'அரசு' என்னுஞ் சொல்லின் நடுவிருந்த ராஜா சற்றே நகர்ந்து குடிகளுக்கு இடந்தந்த நாள் அது. ஆனால் அவ்விடத்தில் வந்தமர்ந்த குடிகளுள் தோட்டத் தமிழர் இருந்தனரா என்பதே நம் வினா.

இவ்வளவும் அரசின் வெளிமுகம். பிற அரசுகளை நோக்கிய அம்முகத்தில் ஜொகூர் பெருஞ்சிறப்புற்றது. குடிகளை நோக்கிய உள்முகம் வேறு வகையில் இருந்தது. 1844 முதல் தெமெங்கோங்குகள் மிளகும் கம்பீரும் பயிரிட வந்த சீனர்க்கு ஆற்றுப் பத்திரம் வழங்கினர். ஓர் ஆற்றங்கரையைப் பத்திரம் பெற்று ஆண்டவர் 'காங்சூ' எனப்பட்டார். வரி தண்டுதல், அமைதி காத்தல், அபின், சூது, சாராயம், அடகு ஆகியவற்றின் உரிமை யாவும் அவர்பால் இருந்தன. ஆற்றங்கரையில் உழைத்த கூலிக்கு அரசு என்பது காங்சூவே. தலைநகரின் மன்னரை அவன் கண்டதில்லை. வன்மையை முற்றும் தன்பால் வைத்திருப்பதே அரசென்ற வேபரின் இலக்கணப்படி நோக்கின், ஜொகூர் அரசு தன் அரசுத் தன்மையில் ஒரு பகுதியை ஆறு ஆறாகக் குத்தகைக்கு விட்டிருந்தது எனலாம். இம்முறை 1917இல் ஒழிக்கப்பட்டது.

காங்சூ மறையுங் காலத்தே தோட்டம் வளர்ந்துவிட்டது. 1909இல் கெமாஸ் முதல் ஜொகூர் பாரு வரை ரயில் பாதை முற்றுப்பெற்றது. சிகாமாட், குளுவாங், ரெங்கம், கூலாய் பக்கங்களில் ரப்பர் எழுந்தது. தமிழ்நாட்டினின்று கங்காணி வாயிலாக நம்மவர் வந்தனர். அத்தோட்டத்தின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். எல்லைக்குக் கல்லும் வேலியும் உண்டு. விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுதல் உண்டு. குடியிருக்க லயம், குழந்தைக்கு ஆயாக் கொட்டகை, படிக்கத் தோட்டப் பள்ளி, நோய்க்கு ஒரு டிரெஸ்ஸர், வழிபட ஒரு மாரியம்மன் கோயில், வாங்கிய கூலியை மாலையில் திரும்பக் கொடுக்கக் கள்ளுக்கடை. வழக்கு வந்தால் துரையின் பங்களா வாயிலே நீதிமன்றம். பிறப்பும் இறப்பும் கிராணியார் ஏட்டில். நிலம், மக்கள், ஆட்சி என மூன்று உறுப்பும் அமைந்த சிற்றரசு அது. எஸ்டேட்டு ஸ்டேட்டின் உடன்பிறப்பு என்று நாம் கூறியதன் பொருள் இதுவே.

தோட்டத் தமிழன் தலைக்குமேல் அரசுகள் இல்லாமற் போகவில்லை, மிகுதியாகவே இருந்தன. சுல்தானின் அரசு ஒன்று. பிரிட்டிஷ் அரசு ஒன்று. கோலாலம்பூரில் தன் பிரதிநிதியை வைத்திருந்த இந்திய அரசு ஒன்று. 1938இல் உதவி பெற்றுக் கூலிகள் வருவதை இந்திய அரசு தடுத்தது. ஆயினும் இத்தனை அரசுகளும் அவனை அடைய ஒரே வாயில்தான் இருந்தது. அவ்வாயிலில் கங்காணியும் கிராணியும் துரையும் நின்றனர். அவர்களைக் கடந்து அரசு அவனை நோக்கவில்லை. அவர்களைக் கடந்து அவன் அரசை நோக்க இயலவில்லை. ஜப்பானியர் காலத்தில் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஆயிரமாயிரமாய் நம்மவர் தோட்டங்களினின்று கொண்டு செல்லப்பட்டனர். அவருள் மாண்டவர் எத்தனை பேர் என்பதற்கு இன்றளவும் திட்டமான கணக்கில்லை. உயிரோடிருந்தபோது பெயரறிந்து எண்ணாத மக்களை, இறந்தபின் எவர் எண்ணுவார்?

பிற்பாடு எண்ணினார்கள். 1948இல் அவசரகாலம் பிறந்தது. ஒவ்வொருவர்க்கும் புகைப்படமும் கைவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை வழங்கினர். தோட்டத்துத் தொழிலாளியை அரசு இடையாளரின்றி நேர்நின்று அறிந்தது அப்போதுதான் என்னலாம். அங்ஙனம் அறிந்ததற்குக் காரணம் ஐயம், அன்பன்று. அரசு குடியை அறிதல் மட்டும் போதாது என்பதற்கு இதுவே சான்று. குடியும் அரசைக் கேள்வி கேட்கும் நிலையில் இருத்தல் வேண்டும். ஒருபால் மட்டுமே அறிந்திருப்பின் அது காவற்கூடத்து அறிவு.

ஒப்பிட்டு நோக்கினால் உண்மை இன்னுந் தெளியும். இதே தமிழ்நாட்டினின்று இதே கங்காணி முறையால் இலங்கை மலைநாட்டுக்கும் நம்மவர் சென்றனர். 1948இல் அந்நாட்டுக் குடியுரிமைச் சட்டம் அவருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட முனைந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்ப் பார்த்துக் கொள்ளப்படுவர் என்று. தேயிலைப் பெட்டிகளைப் பங்கிடுவது போல் மக்களைப் பங்கிட்டனர். அம்மக்களைக் கேட்டவர் இலர். மீதமிருந்தோர்க்கு வழி பிறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால். மலாயாவில் அத்தகைய கொடுமை நேரவில்லை. 1957இல் விடுதலையோடு பிறந்த அரசியலமைப்பு, நெடுநாள் வாழ்ந்தோர்க்கு மனுச் செய்து குடியுரிமை பெற வழி திறந்தது. மொழித் தேர்வில் ஓராண்டுக்குச் சில சலுகைகளும் தந்தது. சட்டம் கதவைத் திறந்தது. தோட்டத்தில் கதவருகே நின்றவர் பழைய ஆட்களே.

இதனை நம் குடும்பத்திலேயே கண்டோம். நம் பாட்டியார் ஜொகூர்த் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டு மரஞ்சீவியவர். மனுச் செய்யுங் காலம் வந்தபோது, 'கிராணி ஐயா எழுதிக் கொடுப்பார்' என்று லயத்தில் அனைவரும் காத்திருந்தனராம். அவர் எழுதிக் கொடுத்தவர் சிலர், விட்டவர் பலர். அவர் தீயவர் அல்லர். ஒருவர் கை ஒரு தோட்டத்தின் கையாக இருந்ததே பிழை. பாட்டியார் சிவப்பு அட்டையுடனே வாழ்ந்து சிவப்பு அட்டையுடனே மறைந்தார். தேர்தல் நாளில் மகனும் மருமகளும் வாக்களிக்கச் செல்கையில், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு வாசலில் அமர்ந்திருப்பார். "எனக்கு என்னடா, பால்மரத்துக்கு என்னைத் தெரியும்" என்று சிரிப்பார். அச்சிரிப்பின் பொருள் நமக்கு வளர்ந்தபின்னரே விளங்கிற்று.

இன்று தோட்டம் என்னும் சிற்றரசு கலைந்து வருகின்றது. ஜொகூர் பாருவைச் சூழ்ந்திருந்த பழைய தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் ஆயின. லயம் இடிந்தது, பிரட்டு நின்றது, கிராணியார் ஏடு எங்கோ மறைந்தது. எஸ்டேட்டையே தம் ஸ்டேட்டாகக் கொண்டிருந்தவர், அது விற்கப்பட்ட நாளில் எந்த அரசிலும் இல்லாதவராய் நகரோரத்துக்கு வந்தனர். நகரத்தில் ஒருவன் யார் என்பதைத் தாளே கூறும். தாள் இல்லாதவன் பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கையும் தடை, முறையான வேலையும் தடை, ஆஸ்பத்திரியில் கட்டணமும் மிகுதி.

சட்டத்தின் நிலையையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். விடுதலை நாளினின்று 1962 செப்டம்பர் வரை இம்மண்ணில் பிறந்த பிள்ளை, பிறந்தமையாலேயே குடியாயிற்று. அதன்பின், பெற்றோருள் ஒருவரேனும் குடியுரிமையோ நிரந்தரவாசமோ உடையவராதல் வேண்டும் என்றாயிற்று. 2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை நிறைவேற்றிய திருத்தம், வெளிநாட்டில் மலேசியத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை கிட்ட வழி செய்தது; அது போற்றற்குரியது. அதே திருத்தம், பெற்றோரின் நிரந்தரவாசத்தைக் கொண்டு பிள்ளை குடியாகும் பழைய வழியை அடைத்தது. சிவப்பு அட்டைக் குடும்பங்கள் இதனைக் கருத்தூன்றிக் கேட்டறிதல் வேண்டும். மற்றொன்று: பதிவாகாத மணத்தில் பிறந்த பிள்ளை, சட்டத்தின் கண்ணில் தாயின் நிலையையே பெறும். 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணம் அரசில் பதிவாதல் வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு மணம் முடிந்ததென்று இருந்துவிட்ட குடும்பங்களில், தந்தை நீல அட்டை உடையவராயினும், தாய் குடியுரிமை இல்லாதவராயின், பிள்ளை நாடற்றதாகி நிற்பதை நாம் காண்கின்றோம். புரோகிதர்க்கும் மேளத்துக்கும் பந்தலுக்கும் பணங் கொடுக்கும் நாம், பதிவதிகாரியின் முன் கையொப்பமிடச் சோம்புகின்றோம். சீர்திருத்தத் திருமணத்தை வற்புறுத்திய நம் முன்னோர் பதிவையும் உடன் வற்புறுத்தியது எதற்கென்று இப்போதேனும் உணர்வோமாக.

சிலர் கேட்பர்: "அரசு என்பது வலியார் கைக்கருவி, அதன் ஏட்டில் பெயர் ஏறிவிட்டால் ஏழைக்கு விடிந்துவிடுமோ?" என்று. விடிந்துவிடாது. நீல அட்டை உடையோர் அனைவரும் நல்வாழ்வு பெற்றுவிட்டனர் என்று நாம் கூறவில்லை. ஆனால் கங்காணியிடம் முறையிட்டால் மனமிரங்கினாலன்றிப் பயனில்லை, அரசிடம் முறையிடுங்கால் சட்டத்தை எடுத்துக்காட்டலாம், வழக்காடலாம், வாக்குச் சீட்டால் ஆளையே மாற்றலாம். தயவைக் கேட்பதற்கும் உரிமையைக் கேட்பதற்கும் உள்ள வேற்றுமை இதுவே. 1946இல் ஜொகூர் மலாய்க்காரர் கையில் 1895ஆம் ஆண்டுச் சட்டம் இருந்ததுபோல், ஒவ்வொரு தொழிலாளி கையிலும் ஒரு தாள் இருத்தல் வேண்டும்.

நூலோர் கூறிய இலக்கணங்கள் அனைத்தையும் நோக்கியபின் நாம் கண்டது இது: படையும் முத்திரையும் பிற நாட்டார் மதிப்பும் அரசுக்கு வேண்டுவனவே. எனினும், அதன் எல்லையின் கடைக்கோடியில் இருக்கும் ஏழைத் தாய் இடையில் ஒருவரையும் வேண்டாது அதனை அழைக்கவும், அழைத்தால் அது அவளுக்கு விடையிறுக்கவும் இயலுமாயின், அவளளவில் அன்றே அது அரசு. அதுவரையில் அவளுக்கு அரசு என்பது யாரோ ஒருவருடைய தோட்டம்.

ஆதலின், தோட்டத்துத் தோழரும் நகரத்து நண்பரும் செய்தற்குரிய பணி ஒன்றுண்டு. உங்கள் லயத்திலோ அடுக்குவீட்டிலோ பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை, பதிவாகாத திருமணம், சிவப்பு அட்டையுடன் முதிர்ந்தோர் ஆகியோர் உளரா என்று கேளுங்கள். பாரத்தை நிரப்பத் தெரிந்தவர் நிரப்பிக் கொடுங்கள். நிரப்பும்போதே, அடுத்த பாரத்தை அவரே நிரப்பக் கற்றுங் கொடுங்கள். அங்ஙனம் கற்றுக் கொடாவிடின், கிராணியார் இருந்த இடத்தில் நாம் அமர்ந்தவர் ஆவோம். பழைய தோட்டத்துப் பிறப்பேடும் பள்ளிச் சேர்க்கை ஏடும் எவரிடமேனும் இருப்பின், அவற்றைக் கரையான் தின்னவிடாது காத்து வையுங்கள். ஒரு பிள்ளையின் நாடு அதனுள் இருத்தல் கூடும்.